ஜீப் பழுதானதால் பார்த்த போடிமெட்டு

போடிமெட்டுக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நான் போனது எழுபதுகளின் நடுவில், ஒரு செப்டம்பரில். சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக் காப்பகம் ஒழுங்காக நடக்கிறதா, மேல்மலையில் இன்னொன்று தேவையா என்று மதிப்பிட்டு அறிக்கை எழுத அலுவலகத்திலிருந்து அனுப்பினார்கள்.

போடியில் காலை ஆறரைக்கு பஸ். இருபத்தேழு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், இரண்டு ரூபாய். வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மெட்டில் காத்திருக்க வேண்டிய தோட்டத்து ஜீப் பழுதாம். தோட்டம் வரை நான்கு கிலோமீட்டர் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன்.

காப்பகத்தில் ஒன்பது பிள்ளைகள்தான் இருந்தார்கள். முந்தைய அறிக்கைகளிலெல்லாம் நாற்பது. என்னைப் பார்த்ததும் ஆயா பேச்சியம்மாள் பதறி எழுந்தார்.

"ஜீப்பு வரலைன்னதும் நீங்களும் வரமாட்டீகன்னு நெனச்சோம்மா. ஆபீசர் வார அன்னைக்கு மட்டும் மேல்மலைப் பிள்ளையளையும் கூட்டியாந்து உக்கார வைப்போம். காலியாக் கெடந்தா மூடிருவாகள்ல."

"நாற்பதும் இங்கேயே வருது, மேலே வேறொன்று எதற்குன்னுதானே எல்லாரும் எழுதிட்டுப் போயிருக்காங்க?" என்றேன்.

"அப்ப நாங்களேதான் கெடுத்துக்கிட்டமா?"

மேலே கூட்டிப் போனார். மூன்று கிலோமீட்டர் செங்குத்து. தாய்மார்கள் கொழுந்து பறிக்க, செடிகளுக்கு நடுவே சாக்கைப் போர்த்திக்கொண்டு முப்பத்தொரு பிள்ளைகள் சாரலில் கிடந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்து எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன்: 'தாய்மார்கள் பிள்ளைகளைக் காப்பகத்துக்கு அனுப்புவதில்லை.'

"அப்படி எழுதிராதீங்கம்மா. கீழ வந்து விட்டுட்டுத் திரும்ப ஏறுனா, காலைல வேலைக்குப் பேர் குடுக்க நேரமாயிரும், அன்னையச் சம்பளம் போயிரும். அனுப்பலைன்னு எழுதாதீங்க, எட்டலைன்னு எழுதுங்க."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். ஆள் கூட்டிக் காட்டியதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். வேலை போய்விடுமோ என்று அவர் முகத்தில் பயம் தெரிந்தது. "உள்ளத எழுதுங்க" என்றார்.

போகிறவர்கள் குடையும் கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். போடியிலேயே சாப்பிட வேண்டாம், வளைவுகளுக்குப் பிறகு சாப்பிடுங்கள். மதிப்பீட்டு வேலையாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று: தோட்டத்து வண்டியில் ஏறாதீர்கள், எழுதியதை அங்கேயே படித்துக் காட்டுங்கள். அந்தப் பாறையையும் சாரலையும் நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வருடம் பேச்சியம்மாள் யாரையோ எழுதச் சொல்லி ஒரு கார்டு அனுப்பினார். மேல்மலைக் காப்பகத்திலிருந்து. 'வெளிய நல்ல மழை. பிள்ளைக எல்லாம் உள்ள தூங்குது.'