கட்டுத் துணியின் இன்னொரு முனை

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பூந்தமல்லியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் நான் நர்ஸ். பொறுமைக்கும் எனக்கும் அப்போது ரொம்ப தூரம்.

காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அவள் கணவர் கொண்டுவந்து சேர்த்தார். என் வயதுதான் இருக்கும். மனசு தாங்காதபோதெல்லாம் தன் கையைத் தானே காயப்படுத்திக்கொள்வாள். காலையில் என்னைத் தெய்வம் என்பாள். நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டால் சாயங்காலம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எல்லாம் பாசாங்கு என்றார்கள் வார்டில்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. காயம் ஆறிவிட்டது, நாளைக்குக் கட்டைப் பிரித்துவிடலாம் என்று சொன்னால் போதும், புதிதாக ஒன்று வந்துவிடும். யோசித்துப் பார்த்தேன். கட்டுப் போடும்போதுதான் நாங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தோம், கையைப் பிடித்தோம், வலிக்கிறதா என்று கேட்டோம். கட்டைப் பிரித்துவிட்டால் அதோடு சரி.

டாக்டரம்மா ஒருநாள் அலுத்துப்போய், "இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா, பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்" என்றார். அவளுக்கு வீட்டில் கைக்குழந்தை. அங்கே போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்ற பயம் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் உண்டு.

யுத்தத்தால் துணிக்குப் பஞ்சம். பழைய கட்டுத் துணிகளைக் கொதிக்கவைத்துத் துவைத்து, மறுபடி சுருட்டி வைப்போம். ஒருவர் முனையை இழுத்துப் பிடித்தால்தான் சுருள் இறுக்கமாக வரும். அவள் கட்டைப் பிரித்த மறுநாள், வழக்கமாகக் கட்டுப் போடும் நேரத்துக்கு, துணிக்கூடையோடு அவள் கட்டிலுக்குப் போனேன்.

"கைதான் ஆறிப்பூட்ச்சே, இன்னாத்துக்கு வந்துகீறே நர்ஸம்மா?"

"ஒன்னப் பாக்கத்தான். இந்த முனையப் பிடி."

தினமும் போனேன். சில நாள் பேசுவாள், சில நாள் திட்டுவாள். நானும் பதிலுக்குத் திட்டியிருக்கிறேன். ஆனால் போகாமல் இருந்ததில்லை.

ஒரு மத்தியானம் ஆவடி ரோட்டில் லாரி கவிழ்ந்து, அடிபட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"நர்ஸம்மா, மன்சு செரியில்ல. இன்னா பண்ணிப்பேனோன்னு பயமா கீது. என்னத் தனியா உடாதம்மா."

உள்ளே வலியில் கத்துகிறார்கள். இவளையும் விட முடியாது. துணிக்கூடையை அவள் கையில் கொடுத்து, "என்கூடவே வா" என்றேன். கேட்கக் கேட்க ஒவ்வொரு சுருளாக எடுத்துக் கொடுத்தபடி, எல்லோருக்கும் கட்டுப் போட்டு முடியும்வரை என் முதுகை ஒட்டியே நின்றாள்.

சாயங்காலம் டாக்டரம்மா அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை. பட்டணத்துப் பேச்சு அதன்பிறகு எழவே இல்லை.

அவள் முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று நான் கதைவிட மாட்டேன். வீட்டுக்குப் போன பிறகும் ஓரிரு முறை காயத்தோடு வந்தாள். ஆனால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காயம் எதுவும் இல்லாமல், என்னைப் பார்ப்பதற்கென்றே வந்த நாட்கள்தான் அதிகம். எத்தனையோ பேருக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். ஆனாலும், கட்டுப் போடும்படி ஆவதற்கு முன்னாலேயே ஒருத்தி என்னை நம்பிக் கூப்பிட்டாளே, அதைத்தான் இன்றைக்கும் என் வேலைக்குக் கிடைத்த பெரிய கூலியாக நினைக்கிறேன்.