தானாகப் பிளக்கும் வாளிகள்

எவர்சில்வர் தகட்டைப் பிரஸ் மிஷினில் வைத்து அழுத்தினால் எந்த இடத்தில் கிழியும் என்று முன்கூட்டியே சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தகட்டில் பொடிப்பொடியாக வட்டங்கள் அச்சடித்து அழுத்திப் பார்ப்பேன். வட்டம் முட்டையாக நீண்டால் அங்கே தகடு இழுபடுகிறது. முட்டை ரொம்ப ஒல்லியானால் கிழிசல் நிச்சயம். இராமநாதபுரத்தில் பட்டறை போட்ட நாளாக இந்த ஜோசியம் பொய்த்ததில்லை.

என்னோடு பள்ளியில் படித்த கடலோர ஊர் பாய், துபாயிலிருந்து வந்து மகளுக்கு நிக்காஹ் வைத்தார். பந்தியில் ஆணம், அதாவது குழம்பு, பரிமாற ஆழமான புது வாளிகள் கேட்டார். அடித்துக் கொடுத்தேன். வட்டங்கள் சொன்னபடி ஒரு கீறல்கூட இல்லை.

கல்யாணத்தன்று காலை, பட்டறையில் மிச்சமிருந்த மாதிரி வாளியின் விளிம்பில் சும்மா ஒரு காந்தத்தை வைத்தேன். அட்டை போல ஒட்டிக்கொண்டது. நல்ல தகடு என்றால் இவ்வளவு பலமாக ஒட்டாது. தகடு விற்ற கடைக்காரர் மலிவு ரகத்தைத் தள்ளிவிட்டிருக்கிறார். அந்த ரகம் பிரஸ்ஸில் சமர்த்தாக இருக்கும். உள்ளே இறுக்கத்தை வைத்துக்கொண்டு, ஓரிரு நாள் கழித்து, யாரும் தொடாமலே விளிம்பிலிருந்து அடிவரை பிளக்கும். அதை எந்த வட்டமும் சொல்லாது.

கொதிக்கிற ஆணம், மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை. பைக்கை முறுக்கினேன். பாதி வழியில்தான் பார்த்தேன், வலது காலில் என் செருப்பு, இடது காலில் மனைவியின் செருப்பு.

“பாய், அந்த வாளி...”

“கண்ணாடியாட்டம் இருக்குடா! ஏலே, மொதல்ல சஹன்ல உக்காரு.”

சஹன் என்றால் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டு. மற்றவர்கள் முடிக்கும்முன் எழுந்திருப்பது மரியாதை இல்லை. என் எதிரே ஒரு பெரியவர். பரிமாறுகிறவர் நிறைந்த வாளியோடு அவர் தலைக்கு நேரே குனிந்தார். எனக்கு மரியாதை மறந்துவிட்டது. எழுந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டேன்.

“என்னங்க, கறி பத்தலையா ஒங்களுக்கு?” என்றார் பெரியவர்.

“நான் ஊத்துறேன் அத்தா. இது வேண்டுதல்.”

வாயில் வந்தது அதுதான். சமையல்கட்டுக்கு ஓடி, “எல்லா வாளியிலயும் பாதிதான் ஊத்தணும், ஆறவச்சு ஊத்தணும்” என்று ஆணையிட்டேன். பண்டாரி, அதாவது சமையல்காரர், கரண்டியை ஓங்கினார். விடவில்லை. வாளியை யார் தூக்கினாலும் பின்னாலேயே போனேன். அப்பளம் நொறுங்கினால்கூடத் துள்ளினேன்.

வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுவி, விரித்த கோரைப்பாயில் வரிசையாகக் கவிழ்த்தார்கள். எல்லோரும் டீ குடிக்க, நான் மட்டும் அவற்றுக்குக் காவல். இவ்வளவு கூத்தும் வீண் பயந்தானா? எனக்கே என் மேல் சந்தேகம் வந்த நேரத்தில், மூன்றாவது வாளி, காற்றுகூடப் படாமல், ‘டங்’ என்றது. விளிம்பிலிருந்து அடிவரை கத்தரித்த மாதிரி பிளவு.

“சொன்னேன்ல!” என்று குதித்துக் கை தட்டினேன்.

கல்யாண வீடே திரும்பிப் பார்த்தது. யாரிடமும் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பாய் பிளவை விரலால் தடவினார். “ஏலே, நீ அடிச்ச வாளி. அது பிளந்ததுக்கு நீயே கை தட்டுறியே, என்னடா மனுசன் நீ?”

அவரைத் தனியே கூட்டிப் போய் எல்லாம் சொன்னேன். முறைத்தவர், “அதான் ஆறிப்போன ஆணமா? சம்பந்தி வீட்ல என் மானமே போச்சேடா” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். நல்ல தகட்டில் மறுபடி அடித்துத் தருவதாகச் சொல்லி, அத்தனை வாளியையும் ஒரு குட்டியானை வேனில் ஏற்றி, பைக்கை அங்கேயே விட்டுவிட்டு நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ஊர் எல்லை தாண்டியதும் இன்னொரு ‘டங்’. கை தானாக உயர்ந்தது. தட்டவில்லை.