தண்ணி லாரி வராத கோடை

பூங்கா மேனேஜர் தன் மச்சானுக்கு அறுபது லாரித் தண்ணீருக்குக் காசு பாக்கி வைத்திருந்தார். குடிக்க வாங்கியதா என்றால் இல்லை, புல்வெளிக்கு வாங்கியது.

அந்தத் தாவரவியல் பூங்காவுக்குள் குழாய் பிடிக்கிற கூலியாக நுழைந்தவர் அவர். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு. ஆனாலும் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படி இன்னொரு ஆள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்! மழை பொய்த்த வருஷத்தில், "என் புல்வெளி காயுறதா?" என்ற வீறாப்பில் லாரி லாரியாகக் கடனுக்கு இறக்கினார். புல் அப்படியும் கருகியது. "யாரைக் கேட்டு வாங்கினீங்க? நீங்களே கட்டுங்க" என்று பூங்காவின் முதலாளியம்மா கையை விரித்துவிட்டார்.

வீட்டில் மனைவி தட்டை நங்கென்று வைத்தாள்.

"எங்க அண்ணன் எதிர்ல வந்தா நான் தெரு மாறிப் போறேன். உங்களுக்கு உறைக்குதா?"

உறைத்தது. முதலாளியம்மா முன்னால் போய் நின்றார்.

"வர்ற கோடையை ஒரு லாரிகூட வாங்காம தாண்டுறேன்மா. வருஷா வருஷம் நீங்க தண்ணிக்கு ஒதுக்குற காசு மிச்சமாகும், அதை எனக்குக் குடுங்க, கடனை அடைச்சிடறேன். மரம் செத்தா சாவியை வெச்சுட்டுப் போயிடறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா?"

புல்வெளியைக் கொத்திப் புரட்டினார். சரிவுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி, சருகு போட்டு மூடி, வெயில் தாங்கும் புதர்களை நட்டார். பெரிய மரங்களின் அடியில் தண்ணீர் விடுவதையே நிறுத்தினார். கிணற்றில் ஊறியதைக் கிளை நுனிக்கு நேர் கீழே, எட்டத்தில், எப்போதாவது ஊற விட்டார். "வாயில ஊட்டினா வேர் சோம்பேறியாயிடும். தேடிப் போகட்டும்."

நடுக்கோடையில் பூங்காவின் பெரிய மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது. மச்சான் கேட்டில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"என்ன மாப்ளே, மொட்டையா நிக்குது? லாரி அனுப்பவா? இந்த வாட்டி ரொக்கம்!"

"போங்க மச்சான். புழுக்கம் தாங்காம சட்டையைக் கழட்டியிருக்கு."

மச்சான் தலை மறைந்ததும் ஓடிப்போய் நகத்தால் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சை. அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது.

பழைய மாதிரி நிதானமாகப் பெய்கிற மழையா இப்போது? ஒரு சீசன் மழை ஒரே சாயங்காலத்தில் கொட்டியது. முன்பெல்லாம் பூங்காவின் வெள்ளம் தெருவில் பாய்ந்துவிடும். இந்தத் தடவை பள்ளங்கள் அத்தனையையும் மடக்கிக் குடித்தன. மொட்டை மரம் துளிர்த்தது. முதலாளியம்மா மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து வைத்தார்.

மேனேஜர் மனைவியோடு மச்சானின் லாரி ஷெட்டுக்குப் போனார்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே மாப்ளே! சரி, கட்டோட குடுங்க. உங்க மேல நம்பிக்கை இருக்கு."

"உங்களுக்கு இருக்கும். எனக்கு எண்ணணுமே. கையை நீட்டுங்க மச்சான்."

டிரைவர்கள் எல்லாருக்கும் கேட்கிற குரலில், விரலை எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.