முதல் பக்கத்தில் கொலைகாரன்

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் அவர் கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருபவர். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலை மீன்வலை நூலால் கட்டியிருப்பார். எங்கள் வாசிகசாலைக்குள் நுழையுமுன், கிறீஸ் கறை போக வெளிக்குழாயில் கைகளைத் தேய்த்துக் கழுவுவார். எடுப்பது துப்பறியும் நாவல்கள் மட்டும்தான்.

அந்த அலுமாரியில் ஏழெட்டுப் புத்தகங்களின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று பென்சிலால் யாரோ எழுதிவைத்திருந்தார்கள். வாசகர்கள் நூலகரான என்னைத்தான் ஏசினார்கள். நானும் துப்பறிந்தேன். இரவல் பதிவேட்டிலிருந்த கையெழுத்துகளோடு ஒப்பிட்டேன். வால் நீண்ட அந்த ‘ர’ அவருடையதுதான்.

“நானா,” என்று அண்ணன் முறையில் அழைத்துக் கேட்டேன், “இது நீங்கள் எழுதினதோ?”

“ஓம் தங்கச்சி, நான்தான்.” முகத்தில் துளி வெட்கமில்லை.

“இப்பிடி எழுதிவச்சா ஆர் வாசிப்பினம்?”

“ஆள் ஆரெண்டு தெரிஞ்ச பிறகும் கீழ வைக்க ஏலாத புத்தகத்திலதான் எழுதுவன். மற்றதுகள்ல பென்சில் வைக்கமாட்டன். நீங்களே வாசிச்சுப் பாருங்க.”

பென்சில் எழுத்தை அழிப்பதற்கென்று அந்தப் புத்தகங்களில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கொலைகாரன் டொக்டர் என்று தெரிந்துகொண்டேதான் தொடங்கினேன். துப்பறிபவர் அதே டொக்டரோடு தேநீர் குடித்தபடி, சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டு அவரை நெருங்கிய இடத்தில், குசினியில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

அழிறப்பரை நான் எடுக்கவேயில்லை. இப்போது அவர் புது நாவல் ஒன்றைத் திருப்பித் தந்தால், உடனே முதல் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். பென்சில் எழுத்து இருந்தால், அந்த நாவலை நானே எழுதியதுபோல நெஞ்சு நிமிர்கிறது. இல்லாவிட்டால், புத்தகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.