அழுங்கின் வாயும் கம்பவுண்டர் கங்காதரமும்

எதை எழுதினாலும் முதலில் வரிசை போட்டுக்கொள்வது என் வழக்கம்.

1. செய்தி வந்த விதம்.
2. அழுங்கின் வாய்.
3. யுத்தக் காகிதப் பஞ்சத்தில் அவருடைய புத்தகம் நின்றுபோனது.
4. அவருடையதாக என்னிடம் இருப்பது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பூட்டியிருந்த மாட்டாஸ்பத்திரி வாசலில் பொதட்டூர்பேட்டை நெசவாளி ஒருவர் கன்றுக்குட்டியோடு நின்றிருந்தார். "கம்பவுண்டர் நைனா செத்துப் பூட்டாருங்க. மூணு நாளு ஜொரமாம்" என்றார். பிறகு, "இனிமே இத யாரு பாப்பாங்க?" என்றார்.

திருத்தணியில் அன்று நான் கேட்ட நேர்மையான பேச்சு அது ஒன்றுதான். மாலை இரங்கல் கூட்டத்தில், அவரை 'ஓணான் டாக்டர்' என்று கேலி செய்தவர்களே அவருடைய ஜீவகாருண்யத்தைப் புகழ்ந்தார்கள். தலைமை வகித்தவரின் விரலில் அழுங்கைக் கொன்று எடுத்த செதிலில் செய்த மோதிரம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

கங்காதரம் குழந்தைகளுக்காக நம் மலைப்பக்கத்து மிருகங்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். தேவாங்கு, முள்ளம்பன்றி, எறும்புதின்னி என்கிற அழுங்கு எல்லாம் அதில் உண்டு. அச்சிட ஒப்புக்கொண்ட பள்ளிக்கூடக் கமிட்டி அதைச் சரிபார்க்க ஓய்வுபெற்ற வாத்தியாரான என்னிடம் கொடுத்தது. 'அழுங்குக்குப் பல்லே கிடையாது' என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். என்னிடமிருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

அடுத்த வாரம் கனகம்மாசத்திரத்து விவசாயி ஒருவர் கூடையில் உயிருள்ள அழுங்கு ஒன்றைக் கொண்டுவந்தார். கங்காதரம் எனக்கு ஆள் அனுப்பினார். பலாக்காய் போலச் சுருண்டிருந்தது. வெகுநேரம் கழித்து மெல்ல விரிந்தது. ஒரு சாண் நாக்கு வெளியே வந்து மறைந்தது. அவர் அதன் வாயில் விரலை விட்டார்.

"நீங்களும் விடுங்க சார்."

"வேண்டாம் கங்காதரம்."

"பல்லிருந்தாதானே கடிக்கும்? உங்க செவப்புப் பேனாவவிட இவன் சாது சார்."

விவசாயி சிரித்தார். "ஆங், வாத்தியாரு என்னா எறும்பா, பயந்துகினு நிக்கிறாரு?"

நான் குனிந்து பார்த்தேன். பல் இல்லை. பொடிக் கற்களை விழுங்கி, எறும்பை வயிற்றிலேயே அரைத்துக்கொள்ளும் என்றார் கங்காதரம். "எழுதுனத வெட்டாதீங்க சார். பயந்துபோனவன்தான் கல்லெடுப்பான்" என்றார்.

புத்தகம் வரவில்லை. மறுமழைக்காலம் மலைப்படிக்கட்டின் கீழ் பள்ளிப் பிள்ளைகள் ஓர் அழுங்கைக் கல்லால் அடித்தார்கள். கடித்தால் விஷம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். கங்காதரம் அதைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனார். பிழைக்கவில்லை. "பசங்க மேல தப்பில்ல சார். பல்லு இல்லன்னு அவங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று என்னிடம்தான் கேட்டார்.

அந்தக் கையெழுத்துப் பிரதி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அவருடையதாக என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. காகிதம் இருந்தது. கமிட்டி பட்டணத்திலிருந்து வாங்கி அடுக்கியிருந்தது. என் கையெழுத்துதான் பாக்கி. அடித்த வரியை நானே திரும்ப எழுதினால் என் பிழை ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, பிரதியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். கேட்டவர்களிடம் யுத்தம், காகிதம் இல்லை என்றேன்.

கங்காதரமும் என்னிடம் கேட்டார். நான் சொன்னதை நம்பினார்.