காணி வழக்கும் டயரில் நட்ட டிஷ்ஷும்

ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் டிஷ் மாட்டப் போகும் தம்பிமாரே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் மட்டும் ட்ரில் வைக்காதீர்கள். தலைமுறை தலைமுறையாக அந்த ஒற்றை அறைக் காம்பராவிலேயே பிறந்து செத்தாலும் சுவர் கம்பெனிக்குத்தான் சொந்தம். ஓர் ஆணி அடிக்கவும் ஆபீசில் கேட்க வேண்டும். அதனால் பழைய டயருக்குள் கொங்கிரீட் போட்டு, நடுவில் பைப்பை நட்டு, அதில் டிஷ்ஷைப் பூட்டி வாசலில் வைப்போம்.

கொழுந்து பறிக்கும் செல்வமணி அக்காவுக்கும் அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். அவர் வீட்டில் ஒரு வெளிநாட்டு நாடகம், தமிழ்க் குரலில் ஓடும். கறுப்பினக் குடும்பம் ஒன்று தன் சொந்தக் காணியை வெள்ளைக்காரனுக்கு விடாமல் வழக்காடும் கதை. எத்தனை முறை மறுஒளிபரப்புச் செய்தாலும் லயமே அங்கு வந்து உட்காரும்.

ஒருநாள் சிக்னல் இல்லை என்று அக்கா கூப்பிட்டார். டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தபோது தோட்டத்து மேனேஜர் துரையின் ஜீப் வந்து நின்றது.

"யாரக் கேட்டு வச்ச? கழட்டு."

"சுவத்துல ஒரு ஓட்டகூட போடலீங்க சேர்."

"டயர் எங்க இருக்கு? தோட்டத்து மண்ணுலதானே?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அடப்பாவி, டயரை வைக்கவும் பெர்மிஷனா! அதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டார்.

"நாங்க நிக்கிறதும் ஒங்க மண்ணுதானுங்க. எங்கள எங்க கொண்டுபோய் வைக்கப் போறீங்க?"

"வாய் பேசினா நாளைக்கு வேல நிப்பாட்டிருவேன்."

அன்றாடச் சம்பளத்தில் அடுப்பெரிப்பவர் அக்கா. அவர் முகம் செத்துப்போனது. நான் ஸ்பேனரைப் பையில் போட்டேன்.

"நான் கழட்ட மாட்டேன் சேர்."

துரை தன்னோடு வந்த காவல் வாச்சர் முத்தையாவைப் பார்த்தார். "நீ தூக்கி ஜீப்புல போடு."

முத்தையா தலையைச் சொறிந்தார். "நாளைக்கு தூக்கவாங்க தொரை? இன்னிக்கு நாடகத்துல அந்தக் காணி கேசு தீர்ப்பு."

"எத்தன தடவ போட்டுட்டான்! முடிவு தெரியாதா ஒனக்கு?"

"தெரியுங்க. அந்தக் குடும்பத்துப் பெரியவரு வெள்ளக்காரத் தொரைய நேரா பாத்து, 'இது என் காணி, எறங்கு வெளிய'ன்னு சொல்லுவாரு. அத இன்னொருக்கா பாக்கணுங்க."

துரை ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் அக்காவுக்கும் முத்தையாவுக்கும் வேலை நிறுத்தினார்கள். டிஷ்ஷை மட்டும் யாரும் தொடவில்லை.

பழைய நாடகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பண்டாரவளை டவுனில் சிலர் சிரிக்கிறார்கள். தாராளமாகச் சிரிக்கட்டும், அவர்கள் வீடு அவர்களுடையது. நீங்கள் லயத்தில் டிஷ் மாட்டினால் ஒழுங்காக மாட்டிவிட்டு வாருங்கள். யாராவது கழற்றச் சொன்னால், சொன்னவனே வந்து கழற்றட்டும்.