கேபிளில் ஓடிய கல்யாணம்

எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மழைக்காலம் போன பிறகும், ஆர்.கே.பேட்டையில் என் கணவர் பிரம்மச்சாரியாகவே இருந்தார். அவருடைய அப்பா ஊரில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். "பையன் கும்மிடிப்பூண்டியில கம்பெனில கீறான். இன்னும் கல்யாணம் முடியல." எங்கள் சாதி அவர்களுக்கு ஆகாது. அதனால் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது கல்யாணமே இல்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். அத்தோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். பள்ளிப்பட்டு பக்கம் மகனுக்கு ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

நானும் என் கணவரும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரே இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் இரும்பை உருக்கும் உலைப் பிரிவில். நான் டெஸ்பாட்ச் ஆபீஸில் கம்ப்யூட்டரில் பில் அடிப்பவள். கல்யாணத்தன்று அவரோடு வேலை செய்த ஒருவர், அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கேமராவில் எல்லாவற்றையும் பிடித்திருந்தார். மாலை மாற்றியது, தாலி கட்டியது, கையெழுத்துப் போட்டது, என் அம்மா அழுதது, கம்பெனி ஆட்கள் பிரியாணி தின்றது எல்லாம் எங்கள் வீட்டு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரில் கிடந்தன.

"யாரு பார்த்தா கல்யாணத்தைன்னு உங்க நைனா கேக்கறாரு இல்ல? ஊரே பார்க்கட்டும்" என்றேன்.

"எப்படி?"

"உங்க ஊரு கேபிள்ல போடலாம்."

ஆர்.கே.பேட்டையில் கேபிள் நடத்தியவர் என் கணவரோடு பள்ளியில் படித்தவர். சாயங்காலத்தில் பிறந்தநாள் வாழ்த்து, கோயில் திருவிழா, யார் வீட்டுக் கல்யாணமாவது என்று அவருடைய சொந்த சேனலில் ஓட்டிக்கொண்டிருப்பார். போனில் கேட்டதும், "சிடி கொண்டாங்க. ஓடினா போடறேன். நடுவுல நின்னா நிறுத்திடுவேன்" என்றார். "உங்கப்பன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

"கல்யாணம் ஆயிடுச்சின்னு சொல்லு" என்றார் என் கணவர்.

முதல் சிடியை ஒரு மணி நேரத்தில் எழுதி, என் கணவரிடமே கொடுத்து அனுப்பினேன். அவர் போய், போன வேகத்தில் முகம் தொங்கத் திரும்பி வந்தார். கேபிள்காரரின் பிளேயரில் அது வெறும் நீலத் திரையாக நின்றதாம். என் தவறுதான். கம்பெனி கோப்புகளை எழுதும் பழக்கத்தில் டேட்டா சிடியாக எழுதிவிட்டேன். கம்ப்யூட்டருக்கு அது புரியும், டிவிக்குக் கீழே இருக்கும் பிளேயருக்குப் புரியாது. அதற்கு வீடியோ சிடி என்று தனியாகத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும்.

இரண்டாவது முறை அப்படியே எழுதினேன். இந்தத் தடவை அனுப்புவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்காவின் பழைய பிளேயரில் போட்டுப் பார்த்தேன். எங்கள் லைன் வீடுகளிலேயே மோசமான பிளேயர் அதுதான். அதில் ஓடினால் எதிலும் ஓடும். திரையில் மாலையைத் தூக்கினேன், அப்படியே கட்டம் கட்டமாக உடைந்து நின்றேன். பிறகு பிரியாணிக்குத் தாவியது.

"இன்னாமே, தாலி கட்டறதுக்குள்ள சோறு போட்டுட்ட?" என்று அக்கா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்தேன். மலிவு சிடியில் ரைட்டர் முழு வேகத்தில் எழுதினால் பதிவு ஆழமாக விழாது. நல்ல டிரைவ் அதைப் படித்துவிடும், கிழட்டு பிளேயர் தடுமாறும். ஆக, வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தேன். அங்கேதான் மூன்றாவது சனியன் பிடித்தது. மெதுவாக எழுதினால் நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் டியூப்லைட் ஒருமுறை மங்குகிறது, கம்ப்யூட்டர் செத்து மறுபடி உயிர் பெறுகிறது, உள்ளே பாதி எழுதின சிடி குப்பைக்குப் போகிறது. யூ.பி.எஸ். பேட்டரி எப்போதோ போய்விட்டிருந்தது. அதை மாற்றும் நிலையில் நாங்கள் இல்லை. வீணான சிடிகளை அக்காவின் பிள்ளைகள் வாசலில் சுழற்றி விளையாடினார்கள்.

என் கணவர் அந்த டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது ஃபர்னஸ் இழுக்கற இழுப்பு" என்றார். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வார்ப்படக் கம்பெனி இருந்தது. எங்களுக்கும் அதற்கும் ஒரே கரண்ட் லைன். அவர்கள் உலையில் லோடு ஏற்றும்போதெல்லாம் எங்கள் வீட்டில் வோல்டேஜ் விழுந்தது. "ஆனா உலையோட உள்சுவர் தேஞ்சிடும்பா. புதுசா லைனிங் போட ஆஃப் பண்ணித்தான் ஆவணும். அன்னிக்கு எழுதலாம்."

மறுநாளே அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போய் நின்றேன். சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லைனிங் எப்போன்னு உன்கு இன்னாத்துக்கும்மா?"

"சிடி எழுதணும் சார்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை என்று சொன்னார். ஆபீஸில் லீவு கேட்டேன். மேனேஜர் காரணம் கேட்டார்.

"கல்யாணம் சார்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அதான் ஆயிடுச்சே?"

"சில பேருக்கு இன்னும் ஆவல சார்."

வியாழக்கிழமை காலையில் பின்பக்கத்து இரைச்சல் நின்றிருந்தது. வீட்டில் ஃபிரிட்ஜை நிறுத்தினேன், ஃபேனையும் நிறுத்தினேன். கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் சேவர், வைரஸ் தேடும் புரோகிராம் என்று குறுக்கே வரக்கூடிய எல்லாவற்றையும் அணைத்தேன். இருப்பதிலேயே குறைந்த வேகம். பட்டனை அழுத்திவிட்டு மௌஸைக்கூடத் தொடாமல் உட்கார்ந்தேன். முதுகில் வியர்வை ஓடியது. ரைட்டரின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. உங்கள் பிள்ளை எனக்குத் தாலி கட்டியது நிஜம் என்று மாமனாரிடம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டியூப்லைட் ஒருமுறைகூட மங்கவில்லை. தட்டு தானாக வெளியே வந்தது.

அக்காவின் பிளேயரில் முதலிலிருந்து கடைசிவரை ஓடியது. எங்கும் நிற்கவில்லை. பார்க்க வந்த பெண்கள் என் புடவைக்கு மார்க் போட்டுவிட்டுப் போனார்கள். நான் அதே சூட்டில் இன்னும் சில காப்பிகள் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆர்.கே.பேட்டையில் எங்கள் கல்யாணம் நடந்தது. கேபிள்காரர் சொன்ன சொல் தவறவில்லை. ஒருமுறை முழுக்கப் போட்டு, கேட்டவர்களுக்காக மறுபடியும் போட்டார். பாதியில் என் மாமனார் எழுந்து டிவியை அணைத்ததையும், மாமியார் பேசாமல் எதிர் வீட்டுக்குப் போய் மீதியைப் பார்த்ததையும் கேபிள்காரரே ஊரார் வாயால் கேட்டு, போன் செய்து சொன்னார். அந்த வாரமே பள்ளிப்பட்டுக்காரர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு ஒரு நிம்மதி.

பத்து நாள் கழித்து என் கணவரின் சித்தப்பா பஸ் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"எங்கண்ணன் மானமே போச்சிமா. தெருவுல தலை காட்ட முடில. பேஜாரா கீது. நீ வந்து கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுட்டு, அந்த சிடிய கேபிள்காரன்கிட்ட வாங்கிக்கினு வந்துடு."

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு மன்னிப்பு மாமா? கல்யாணம் பண்ணதுக்கா, காட்டினதுக்கா? அதுல ஒரு காட்சிகூட பொய்யில்ல. அவரு ஊருக்கு சொன்னதுதான் பொய். நான் கேக்க மாட்டேன்."

அவர் என்னை முறைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டியவர் வாசலிலேயே நின்றார்.

"எங்க ஊட்டாண்ட அன்னிக்குப் பாத்து கரண்டு இல்ல" என்றார், தெருவைப் பார்த்தபடி. "உங்க சித்தி பாக்கணும்னு சொன்னா."

ஒரு காப்பியை உறையில் போட்டுக் கொடுத்தேன். வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனார்.

மாமனார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. அடுத்த பொங்கலுக்கு நாங்கள் இருவரும் ஆர்.கே.பேட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடைத்தெரு வழியாகப் பட்டப்பகலில் நடந்தோம். பூக்காரம்மா ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, "டிவில வந்த பொண்ணு இல்ல நீ?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன், கடைத்தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி.